இடப்பக்கம் திரும்பிய கழுத்து

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. மெட்ரோவிலிருந்து அலுவலகத்துக்கு நடக்கும்போது வலது செருப்பு ஒருமுறை வழுக்கியது. விழவில்லை. கழுத்தின் இடப்பக்கம் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கிறது. காலையில் பால்காரர் வலப்புறம் நின்று கூப்பிட்டபோது உடம்பையே திருப்பித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

அலுவலகத்தில் ஒரு மெயில். மேசை முன்னால் சரியாக உட்காருவது பற்றி இந்த மாதம் ஏதோ ஏற்பாடாம். முதலில் எல்லோருக்கும் வினாத்தாள். அதன் பிறகு பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்து ஒவ்வொருவரும் உட்காரும் விதத்தைப் பார்ப்பார். நாற்காலியோ மேசையோ திரையோ, எதை மாற்ற வேண்டுமோ அதை மாற்றித் தருவார்களாம். மேலாளர் ஷைஜு கீழே சிவப்பு எழுத்தில் சேர்த்திருக்கிறார்: "அனைவரும் ஒத்துழைக்கவும்."

ஒத்துழைப்பதில் எனக்கு என்ன கஷ்டம்? நல்ல காரியம்தானே. பிறகு ஏன் அந்த மெயிலைத் திரும்பத் திரும்பப் படித்தேன்?

ஜூன் 12, வியாழன்

வினாத்தாள் எழுதினோம். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும். முழங்கை செங்கோணத்தில். பாதம் முழுதும் தரையில் படிய வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும். கனமான பொருளை இரண்டு கையாலும் உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும். கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவனுக்குச் செங்கோணம் தெரியாதா. பிரிவில் முழு மதிப்பெண் எனக்கு மட்டும்தான்.

மற்றவர்களும் ஒன்றும் மோசமில்லை. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆனால் போன வருடம் கொடுத்த கால்பலகையின் மேல் டெல்ஃபின் நனைந்த குடையையும் சாக்ஸையும் உலர்த்துகிறான். ரெஹ்னாவின் முதுகுத் தலையணை வந்த நாளின் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருக்கிறது. அழுக்காகிவிடும் என்று அவள் அதைப் பிரிக்கவில்லை. நாற்காலியின் பக்கவாட்டில் இருக்கும் லெவரை யாரும் தொடுவதில்லை. ஒருமுறை யாரோ இழுத்து, நாற்காலி 'புஸ்'ஸென்று தரை வரை இறங்கியதாம். அன்றிலிருந்து குட்டையானவரும் நெட்டையானவரும் ஒரே உயரத்தில்தான் உட்காருகிறார்கள்.

மதிப்பெண் வந்ததும் டெல்ஃபின் நடைபாதையில் நின்று கத்தினான்: "மாஷே, ரேங்க் அடிச்சிட்டீங்க! ஆனா நீங்க உட்கார்றதைப் பார்த்தா காத்துல சாஞ்ச தென்னை மாதிரில்ல இருக்கு!"

வாத்தியாராக இருந்தவன் என்பதால் இங்கே எல்லோருக்கும் நான் மாஷ். பிஷாரடி மாஷ் என்றுகூடச் சொல்வதில்லை, வெறும் மாஷ்.

"நீ ரொம்ப ஒழுங்கு. நாற்காலி மேல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கே. உங்க ஊர் வைப்பின் சந்தையில மீன் பலகை மேல உட்கார்றவங்க உன்னைவிட நேரா உட்காருவாங்க" என்றாள் ரெஹ்னா.

"இத்தா, அங்க நேரா உட்காரலேன்னா மீன் கீழ விழும். இங்க என்ன விழப்போகுது?" என்றான். ரெஹ்னாவை அவன் அக்கா முறையில் இத்தா என்றுதான் கூப்பிடுவான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாய்ந்த தென்னை. நான் உட்காரும் விதத்தை ஒருவன் கவனித்திருக்கிறான். வீட்டுக்கு வந்து கஞ்சி வைக்கும்வரை அந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

கஞ்சி, பயறு, அப்பளம். லாட்டரி வண்டி ஒலிபெருக்கியோடு வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போயிற்று. மஸ்கட்டிலிருந்து மகன் பேசினான்.

"அச்சா, உயரம் மாத்தற மேசை ஒண்ணு வாங்கி அனுப்பட்டுமா? நின்னுக்கிட்டே வேலை செய்யலாம். கழுத்துக்கு நல்லது."

"வீட்ல எனக்கு எதுக்குடா மேசை? வேலையெல்லாம் அங்கதானே."

"அப்போ வேலையை விட்டுடுங்க. உங்களுக்கு என்ன, பென்ஷன் இருக்கே."

பேச்சை மழையின் பக்கம் திருப்பினேன்.

உண்மையை இங்கேயாவது எழுதலாம். இதை யாரும் படிக்கப்போவதில்லை.

குழந்தைகளுக்குக் கணினிப் பாடம் தயாரிக்கும் எங்கள் பிரிவு ஒரு நீண்ட கூடம். இரண்டு பக்கச் சுவரையும் ஒட்டி மேசைகள். எல்லோரும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருகிறோம். நடுவில் நடைபாதை. என் மேசை கடைசி மூலையில். எனக்கு எதிரே சுவர், வலப்புறம் ஜன்னல், இடப்புறம் கூடம் முழுதும். நேராக உட்கார்ந்தால் எனக்குத் தெரிவது சுவரும், அதில் பழைய ஆணியின் துளையும். வேலையில் சேர்ந்த சில நாட்களிலேயே திரையை மேசையின் இடது ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். அப்போது தலை இடப்பக்கம் திரும்பும். திரையின் விளிம்புக்கு அப்பால் ஆட்கள் தெரிவார்கள். யார் கொட்டாவி விடுகிறார்கள், யாருக்கு இன்று கோபம், டெல்ஃபின் யாருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்க்கிறான்.

நான்கு மணிக்கு அவர்கள் நாற்காலிகளை உருட்டிக்கொண்டு நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். முழங்கால் இடிக்க ஒரு வட்டம். தினமும் ஒருவர் முறை: சின்னச் சின்ன ஃபிளாஸ்குகள் போட்ட கூடையோடு கீழே போய்த் தெருவோரத் தட்டுக்கடையில் சாயாவும், வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரியும் வாங்கி வர வேண்டும். நான் புதிதாக வந்தபோது, "மாஷே, வியாழன் உங்க முறை" என்றார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்குப் பால் வேண்டாம்—தப்பாகிவிட்டால்? முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிப்பார்களே. "நான் சாயா குடிக்கிறதில்லை. வயித்துல கேஸ்" என்று சொல்லிவிட்டேன்.

பொய். வீட்டில் மூன்று வேளையும் குடிக்கிறேன்.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. குடிக்காதவனை எதற்குக் கூப்பிடுவார்கள்? அவர்கள் மேல் தப்பில்லை. மதியச் சாப்பாட்டின்போதும் அப்படித்தான். பிஷாரடி என்றால் சைவம், மீன் வாசனை மாஷுக்கு ஆகாது என்று அவர்களாகவே முடிவு செய்து கீழ்த்தளத்துக்குப் போய்விடுகிறார்கள். மரியாதைதான் அது. மனைவி நளினி இருந்தபோதும் எங்கள் வீட்டில் பேசியது அவள்தான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இப்போது கேட்பதற்கு இந்தக் கூடம்தான் இருக்கிறது.

இதுதான் என் கழுத்து வலியின் காரணம். இதை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 18, புதன்

வந்துவிட்டுப் போனார். ஆன்ஸி குரியன் என்று பெயர். சின்ன வயது, வேகமான கை. அளவு நாடா, கேமரா, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. காலையிலிருந்தே வானம் இருண்டு கிடந்ததால் கூடத்தில் எல்லா விளக்கும் எரிந்தன.

டெல்ஃபின் சும்மா இருப்பானா. "டாக்டரே, எனக்கு முதுகு வலி இல்ல, வேலைதான் வலி. அதுக்கு ஏதாவது நாற்காலி இருக்கா?"

"இருக்கே. உட்கார்ற இடத்துல ஆணி வெச்சது."

ரெஹ்னா கைதட்டினாள்.

என் முறை வந்தது. நான் நிமிர்ந்துகொண்டேன்.

"மாஷ், கல்யாண போட்டோ இல்ல இது. எப்பவும் எப்படி உட்காருவீங்களோ அப்படி உட்காருங்க."

"எப்பவும் இப்படித்தான்."

"அப்படியா? அப்போ திரை ஏன் அந்த ஓரத்துல இருக்கு? இப்படி உட்கார்ந்தா உங்களுக்குச் சுவர்தானே தெரியும்."

பக்கத்தில் ஷைஜு நிற்கிறார். கூடம் முழுதும் காது கொடுத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. "ஜன்னல்" என்றேன். "ஜன்னல் வெளிச்சம். கண் கூசுது."

அவர் கழுத்தில் இரண்டு விரல் வைத்து அழுத்தினார். வலித்தது. "இவ்வளவு இறுகிப் போயிருக்கு. சொல்லக் கூடாதா மாஷ்?" என்று கேட்டார். வெளிச்சம் என்று எழுதிக்கொண்டார். ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. முதல் பொய் சாயா, இரண்டாவது ஜன்னல்.

ஜூன் 23, திங்கள்

ஷைஜு என் மேசைக்கே வந்தார்.

"மாஷ், அறிக்கை வந்திருச்சு. மொத்தப் பிரிவுலயும் உங்க கழுத்துதான் மோசம். வெளிச்சம் விழாத இடம் வேணும்னு எழுதியிருக்காங்க. நான் யோசிச்சுப் பார்த்தேன். ரெக்கார்டிங் ரூம் சும்மாதானே கிடக்கு. அதை உங்களுக்குக் குடுத்துடறேன்."

குழந்தைகளுக்கான பாடங்களுக்குக் குரல் பதிவு செய்யும் அறை அது. இப்போது குரலையும் கணினியே பேசிவிடுவதால் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் இல்லை. சுவர் முழுதும் பஞ்சு அடைத்திருக்கிறார்கள். உள்ளே சத்தமும் வராது, உள்ளிருந்து சத்தமும் போகாது.

"புது நாற்காலி, உயரம் மாத்தற மேசை, எல்லாம் உங்களுக்குத்தான் முதல்ல. வயசுல பெரியவர் நீங்க. உங்களுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?"

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். வேண்டாம் என்ற சொல் தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தேன். "ரொம்ப நன்றி" என்று வந்தது.

ஜூன் 30, திங்கள்

மாறிவிட்டேன்.

டெல்ஃபின்தான் என் பெட்டியைத் தூக்கி வந்தான். "மாஷுக்கு அடிச்சது யோகம். தனி ரூம், தனி ஏசி. எங்களையெல்லாம் மறந்துடாதீங்க மாஷே. அமைச்சர் ஆன மாதிரி இருக்கு." நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுற்றினான். "ஐயோ, என்ன சுகம்! தூங்கினா குறட்டைகூட வெளியே கேக்காது."

எல்லாம் சரியாக இருக்கிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில். முழங்கை செங்கோணம். பாதத்துக்குக் கீழே பலகை. லெவரை இழுத்துப் பார்த்தேன். எனக்குத் தேவையான உயரத்தில் நின்றது. வினாத்தாளில் சரியான விடைக்கு ஒரு படம் போட்டிருந்தார்கள் அல்லவா, அந்தப் படத்துக்குள் போய் உட்கார்ந்ததுபோல் இருக்கிறது. அந்தப் படத்திலும் ஒரே ஓர் ஆள்தான்.

டெல்ஃபின் போகும்போது கதவைச் சாத்தினான். கூடத்தின் சத்தம் பாதியில் வெட்டியதுபோல் நின்றது.

ஜூலை 4, வெள்ளி

கழுத்து வலி இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்பது விதி. தண்ணீர் இயந்திரம் கூடத்தின் அந்தக் கோடியில். ஆகவே அரை மணிக்கு ஒருமுறை சின்னக் குவளையை எடுத்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன். பெரிய குவளை கொண்டுபோனால் ஒரே தடவையில் தீர்ந்துவிடும்.

போகும்போது இந்தப் பக்கத்து மேசைகள், வரும்போது அந்தப் பக்கத்து மேசைகள். ரெஹ்னாவின் திரையில் ஒரு யானைப் படம். மூன்றாம் வகுப்புப் பாடத்துக்காம். "மாஷ், தும்பிக்கை சரியா இருக்கா?" என்று கேட்டாள். நீளம் கொஞ்சம் அதிகம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கென்ன தெரியும் என்று நினைத்து, "நல்லா இருக்கு" என்றேன். இன்னும் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவளும் ஒரு வாக்கியம் சொல்லியிருப்பாள்.

டெல்ஃபின்: "மாஷைப் பார்த்துக் கத்துக்கணும்டா. மணி அடிச்ச மாதிரி எழுந்துக்கறார். சிறுநீரகத்துல கல்லே வராது."

ஜூலை 10, வியாழன்

இன்று காலை அறைக்குள் புதிய தண்ணீர் இயந்திரம் இருந்தது. ஷைஜு வைக்கச் சொல்லியிருக்கிறார். "பாவம், மாஷ் தண்ணிக்கு எவ்வளவு தூரம் நடக்கறார்! எனக்கு முன்னாடியே தோணாமப் போச்சே."

சுடுதண்ணீரும் வருகிறது.

ஜூலை 17, வியாழன்

கர்க்கடக மாதம் பிறந்தது. மழை இன்னும் விடவில்லை. மருந்துக்கஞ்சி வைக்க மூலிகைப் பொட்டலம் வாங்கினேன். ஒருவனுக்கு அது அதிகம். நான்கு பேருக்கான பொட்டலம்தான் கடையில் கிடைக்கிறது.

ஷைஜு என்னைப் போட்டோ எடுத்தார். "சரியாக உட்காருங்கள்" என்று சுவரொட்டி போடப்போகிறாராம். "மாஷ் மாதிரி உட்கார்றவங்க இந்த ஆபீஸ்ல யார் இருக்காங்க?" என்றார். கேமராவைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

சுவரொட்டி வந்துவிட்டது. கூடத்தின் நடுத்தூணில், சாயா வட்டம் போடும் இடத்துக்கு நேர் மேலே ஒட்டியிருக்கிறார்கள். ஆளுயரம் இருக்கும். முதுகு, முழங்கை, முழங்கால் எல்லா இடத்திலும் பச்சைக் கோடு போட்டு, தலைக்கு மேலே "இப்படி!" என்று எழுதியிருக்கிறது.

ரெஹ்னா சொன்னாள்: "மாஷ், நாலு மணிக்கு உங்க போட்டோ எங்களையே பார்த்துட்டு இருக்கு. டெல்ஃபினுக்குப் பழம்பொரி தொண்டையில இறங்கமாட்டேங்குதாம்."

சிரித்துவிட்டு அறைக்கு வந்தேன். கதவைச் சாத்தினேன். அந்தப் படத்தின் மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

"கழுத்து எப்படி அச்சா?"

"ரொம்ப நல்லா இருக்கு."

"பார்த்தீங்களா? ஒரு சரியான நாற்காலி எவ்வளவு வித்தியாசம் பண்ணுது!"

ஆகஸ்ட் 1, வெள்ளி

நடுவில் எழுதவில்லை. எழுத ஒன்றும் நடக்கவில்லை.

வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முன்பு ஒரு கணக்குப் பாடத்தைச் சரிபார்க்க ஒரு நாள் ஆகும். இப்போது மதியத்துக்குள் முடிகிறது. ஷைஜு பாராட்டி மெயில் அனுப்பினார். கவனம் சிதறுவதில்லை அல்லவா.

இன்று யாரோ கதவைத் தட்டியதுபோல் இருந்தது. திறந்தேன். யாரும் இல்லை. கூடத்தில் ஏதோ பெரிய சிரிப்பு நடந்துகொண்டிருந்தது, நான் எட்டிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்கலாமா? முதலிலிருந்து இருப்பவனுக்குத்தான் கேட்க உரிமை. கதவருகில் கொஞ்சம் நின்றேன். ஏதோ மறந்துபோனவன்போல் சட்டைப்பையைத் தடவிவிட்டு உள்ளே வந்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

மாற்றங்களெல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்க்க ஆன்ஸி மறுபடியும் வந்திருந்தார். கடைசியாக என் அறை. கழுத்தை அழுத்திப் பார்த்து, "பஞ்சு மாதிரி ஆயிடுச்சு மாஷ்" என்றார். கையெழுத்துப் போட ஒரு தாள் நீட்டினார். போட்டிருந்தால் முடிந்திருக்கும். பேனாவைத் திறந்தும்விட்டேன்.

அவர் மடிக்கணினியில் பழைய போட்டோவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியல மாஷ். அன்னிக்கு மழை, இருட்டு, அவசரத்துல நான் கவனிக்கல. வீட்ல போய்ப் படத்தைப் பார்த்தப்பதான் தோணுச்சு. உங்க ஜன்னல் வலப்பக்கம். நீங்க திரையை இடது ஓரத்துல வெச்சு, உங்களைப் பார்க்கத் திருப்பியிருக்கீங்க. அப்படி வெச்சா திரை ஜன்னலைப் பார்த்துதானே நிக்கும்? வெளிச்சம் நேரா அதுலதான் விழும். கண் கூசறவர் அதை வலப்பக்கம்தானே தள்ளியிருக்கணும்."

பேனாவை மூடினேன்.

"முழு மார்க் வாங்கினவர் நீங்க. தெரியாம வெச்சிருக்கமாட்டீங்க. அந்தப் பக்கம் என்ன இருந்துச்சு மாஷ்?"

எவ்வளவோ யோசிச்சு வெச்சிருந்தேன். உடல்நலம், காற்றோட்டம்னு நாலு நல்ல வார்த்தை. ஒண்ணும் வரல. "அங்க ஆளுங்க இருக்காங்க"ன்னு சொல்லிட்டேன். அவ்வளவுதான் சொன்னேன். சின்னப் பையன் மாதிரி. அறுபத்தெட்டு வயசுல. ஐயோ, ஏன் சொன்னேன்?

அந்தப் பெண் சிரிக்கவில்லை. பரிதாபமாகவும் பார்க்கவில்லை, அப்படிப் பார்த்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, கதவைத் திறந்து கூடத்தை ஒருமுறை பார்த்தார். திரும்பி வந்து என் கையிலிருந்த தாளை வாங்கிக் கிழித்தார்.

"அதுக்குக் கழுத்தைத் திருப்பலாமா? மேசையைத் திருப்பணும் மாஷ்."

"அங்க எல்லாரும் சுவரைப் பார்த்துத்தான்..."

"சுவரைப் பார்த்துதான் உட்காரணும்னு எந்தப் புத்தகத்துல இருக்கு? வினாத்தாள்ல இருந்துச்சா?"

இல்லை. வினாத்தாளில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எனக்கு அது தோன்றவேயில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஷைஜு குழம்பிப்போயிருக்கிறார். "இருக்கறதுலயே நல்ல ரூமை விட்டுட்டா? ரூம்ல ஏதாவது குறையா மாஷ்? ஏசி ஜாஸ்தியா?" என்று கேட்டார். குறை ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, மேசையைத் திருப்பினால் கேபிள் சுவரிலிருந்து எட்டாது, தரையைக் குடைய வேண்டும், அதற்குக் கட்டடக்காரர்களிடம் அனுமதி கேட்க வேண்டும், ஓணம் கழிந்துதான் நடக்கும் என்றார். "பரவாயில்லை, விட்டுவிடுங்கள்" என்றேன். விட்டுவிடுங்கள் என்று சொல்வதற்கு மட்டும் எனக்கு யோசிக்க வேண்டியதே இல்லை.

மாலையில் டெல்ஃபின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினான்.

"என்ன மாஷே, மறுபடியும் மூலைக்கே வர்றீங்களாமே? இந்த சொர்க்கத்துல என்ன கெட்டுப்போச்சு?"

"இங்க... சத்தமே கேக்கல."

"அதுக்குத்தானே ரூமே கட்டியிருக்கு."

"ஆமா."

அவன் ஏதோ கேலி சொல்லப்போய், சொல்லவில்லை. பஞ்சுச் சுவரை விரலால் குத்திப் பார்த்தான். அந்த அறையில் பேசாமலிருந்தால் காதுக்குள் ஒரு இரைச்சல் கேட்கும். அவனுக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"எத்தனை மீட்டர் வேணும்?" என்றான்.

"எது?"

"கேபிள், மாஷே. தரை மேல ஓட்டி டேப் போட்டா போச்சு. ஷைஜு சாரை நான் பார்த்துக்கறேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

மேசை திரும்பிவிட்டது. பழைய மூலையிலேயே கூடத்தைப் பார்த்துக் கோணலாக, முதுகுக்குப் பின்னால் சுவர். ஜன்னல் இப்போது இடப்புறம். எதிரே கூடம் முழுதும். டெல்ஃபினும் ரெஹ்னாவும் சேர்ந்து இழுத்தார்கள். "மாஷ், பரீட்சை ஹால்ல மேற்பார்வை பாக்கற மாதிரி இருக்கு. காப்பி அடிக்கறவங்க ஜாக்கிரதை" என்றாள் ரெஹ்னா.

பயமாக இருந்தது. இத்தனை நாளும் நான் பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. இப்போது யார் திரும்பினாலும் முதலில் படுவது என் முகம். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மதியம் வரை திரையிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை. இதற்குத்தானா இவ்வளவும் செய்தேன்?

நான்கு மணிக்கு நாற்காலிகள் உருண்டன. வட்டம் எனக்கு நேர் எதிரே. அவர்கள் பேசுவது ஒவ்வொரு சொல்லும் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவார்கள்? எனக்குக் கேஸ்.

ஆகஸ்ட் 13, புதன்

நேற்றும் சொல்லவில்லை. இன்று சொன்னேன்.

ரெஹ்னாவின் முறை. எல்லோருக்கும் ஊற்றிவிட்டுப் பழம்பொரித் தாளோடு என் பக்கம் பார்த்தாள். "மாஷ், சாயாதான் ஆகாது. இது ஒண்ணாவது எடுத்துக்கக் கூடாதா?"

"சாயா குடிப்பேன்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "குடிப்பேன். எப்பவும் குடிக்கறதுதான்."

"கேஸ்னு சொன்னீங்களே?"

"அது... பொய்."

ரெஹ்னா ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். "ஒரு வருஷமாவா மாஷ்?"

"முறை போட்டுட்டீங்க. தப்பா வாங்கிட்டு வந்துடுவேனோன்னு பயம்."

முதலில் டெல்ஃபின்தான் வெடித்தான். நாற்காலியிலிருந்து விழப்போனான். "சாயா வாங்கப் பயந்து ஒரு வருஷம் பட்டினியா! மாஷே, நீங்க கணக்குதானே சொல்லிக் குடுத்தீங்க? ஆறு பேருக்கு ஆறு சாயா, இதுல என்ன கஷ்டம்?"

"சும்மா இருடா. நீ போன வாரம் எனக்குப் பால் ஊத்திக் கொண்டாந்தே" என்றாள் ரெஹ்னா. பிறகு என்னைப் பார்த்து, "வாங்க மாஷ். நாற்காலியோட வாங்க" என்றாள்.

எழுந்து நடக்கலாம் என்றுதான் நினைத்தேன். நாற்காலியோடு என்றாளே என்று காலால் தரையை உந்தினேன். விலை உயர்ந்த சக்கரம். நினைத்ததைவிட வேகமாகப் போய் டெல்ஃபினின் முழங்காலில் முட்டியது. "ஐயோ!" என்றான். நகர்ந்து இடம் விட்டான்.

சாயா ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

"நாளைக்கு வியாழன்" என்றான் டெல்ஃபின். "யார் முறைன்னு தெரியும்ல?"

ஆகஸ்ட் 14, வியாழன்

போய் வந்தேன்.

"யாருக்கு என்ன வேணும்னு எழுதிக்குங்க மாஷ்" என்று ரெஹ்னா ஒரு காகிதம் கொடுத்தாள். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன், எழுதவில்லை. தட்டுக்கடைக்காரர் கேட்கக் கேட்கச் சொன்னேன். ரெஹ்னாவுக்குப் பால் இல்லாத கட்டன், எலுமிச்சை பிழிந்து. டெல்ஃபினுக்குப் பால் தூக்கலாக, சர்க்கரை இரண்டு பங்கு. ஷைஜுவுக்குச் சர்க்கரை இல்லாமல். ஆனால் யாரும் பார்க்காதபோது அவர் டெல்ஃபினின் குவளையிலிருந்து ஒரு வாய் குடிப்பார், ஆகவே டெல்ஃபினுக்குக் கொஞ்சம் அதிகம்.

ஒன்றும் தப்பவில்லை.

"யார்கிட்டயும் கேக்கலையே மாஷ், எப்படித் தெரியும்?" என்று ரெஹ்னா கேட்டாள். பழம்பொரித் தாளை விரிப்பதில் மும்முரமாக இருந்ததுபோல் இருந்துவிட்டேன். தூணில் இருக்கும் என் படத்தின் செங்கோணக் கையில் யாரோ பேனாவால் ஒரு சாயாக் குவளை வரைந்திருக்கிறார்கள். ஆவியும் வருகிறது.

இடது தோள் இப்போது கொஞ்சம் வலிக்கிறது. ஒரு கையில் பொட்டலம் இருந்ததால் ஃபிளாஸ்க் கூடையை மற்றொரு கையால் மட்டும் மாடிவரை தூக்கி வந்தேன். கனமான பொருளை இரண்டு கையாலும் உடம்போடு ஒட்டிப் பிடிக்க வேண்டும் என்பது வினாத்தாளில் இருந்த கேள்விதான். சரியாகத்தான் எழுதியிருந்தேன்.